திங்கட்கிழமை மாத்திரை

மருதம்மாளின் சுருக்குப் பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் சுண்ணாம்பு. இன்னொன்றைச் சம்சியா திறந்தபோது மாத்திரைகள் தெரிந்தன.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்து முள்கம்பி வேலியின் வாயிலில் பால்வெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வேலிக்கு வெளியே சோறு போகக் கூடாது. அரிசி, டின் மீன், மருந்து எதுவும் போகக் கூடாது. போனால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று அரசாங்கம் சொன்னது. அவசரகாலச் சட்டம். வெற்றிலைக்கு மட்டும் தடையில்லை.

பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்து ஊரான கோலா கெத்திலில் மளிகைக் கடை வைத்திருந்த மஜீதின் மகளை எடுத்திருந்தார்கள். சம்சியாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் கை சுத்தமாகச் செய்தாள்.

"என்ன மருதக்கா இது?"

"சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு அந்த டப்பாவுலே இருக்கு. இது?"

சம்சியா மூடியைச் சட்டென்று மூடினாள். அதற்குள் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பார்த்துவிட்டார். டப்பாவை வாங்கி மூக்கருகே வைத்தார்.

"ஊபாட்," என்றார். மருந்து.

வரிசை அப்படியே நின்றது. மருதம்மாளின் பால் வாளியை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

*

தோட்டத்தில் மலேரியா எப்போதும் இருந்தது. புது மாத்திரை ஆறு மாதமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரட்டுக் களத்தில் வேலையாட்களைப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர் நடராஜா மேசை போடுவார். ஒரு ஜாடி, ஒரு குடம் தண்ணீர், தகரக் குவளைகள். மாத்திரையை லண்டனில் செய்தார்கள். ஆட்களின் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தம் கண்ணாடிச் சில்லுகளில் காய்ந்து கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து டாக்டர் சென் என்ற அம்மாள் வந்திருந்தார். இங்கே பலன் தெரிந்தால் இந்த மாத்திரை அசாமுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகும் என்று நடராஜா பிரட்டில் ஒருமுறை பேசினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பெண்கள் காட்டினார்கள். உள்ளே சிவப்பாக இருக்கும். வெற்றிலைச் சக்கை கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். நடராஜா தலையாட்டுவார். அடுத்த ஆள் வருவாள்.

ஆண்களுக்குக் காய்ச்சல் விட்டது. பெண்களுக்கு விடவில்லை. டாக்டர் சென் சில்லுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரே கொசு, ஒரே ஓடை, ஒரே மாத்திரை. காரணம் தெரியவில்லை. முந்தின நாள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார். மருந்து பாதிப் பேரிடம் வேலை செய்யவில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் ஆராய்ச்சி நிற்கும். மாத்திரையும் நிற்கும்.

*

தோட்ட ஆஸ்பத்திரியின் முன்னறையில் மருதம்மாளை நிற்க வைத்தார்கள். பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஆறாம் மாதம்.

வெள்ளைக்கார லெப்டினன்ட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். போன வாரம் அவருடைய ஆட்கள் மலையடிவாரத்தில் ஆளில்லாத ஒரு குடிசையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே மருந்துப் புட்டிகள் கிடந்தன. எந்தத் தோட்டத்திலிருந்து போயின என்று தெரியவில்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நடராஜா தமிழில் கேட்டார்.

"யாரு குடுத்தது இது?"

"நீங்கதான் ஐயா."

"நான் குடுத்தது முழுங்கறதுக்கு. நீ யாருக்குக் கொண்டுபோறே?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்ப துப்புனியா?"

மருதம்மாள் அவரைப் பார்த்தாள். மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது தன் வீட்டு மரத்திலிருந்து எலுமிச்சை பறித்து அனுப்பிய மனிதர். அவர் முகத்துக்கு நேரே வாரா வாரம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"ரெண்டு மூணு வாட்டி," என்றாள். "கொமட்டுச்சு. அதான்."

நடராஜா மொழிபெயர்த்தார். லெப்டினன்ட் டப்பாவை ஒரு காகிதத்தில் கவிழ்த்தார். மாத்திரைகள் உருண்டு பரவின. இரண்டு மூன்று இல்லை. ஒரு கைப்பிடி இருந்தது.

"மிச்சம் யாருடையது என்று கேளுங்கள்."

நடராஜா கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் கணவன் முருகையா. ரப்பர் மர நிரையிலிருந்து பால்வெட்டும் உளியோடு ஓடிவந்திருந்தான். கான்ஸ்டபிள் உளியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வாசலில் நிறுத்தினார்.

"ஐயா, இவ ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டா!"

"இவ மாத்திரை முழுங்குறாளா, இல்லியா?" என்று நடராஜா கேட்டார்.

"முழுங்குறவதான்யா. வாரா வாரம் முழுங்குறா. நானே பாத்திருக்கேன்!"

நடராஜா ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

லெப்டினன்ட் தலையசைத்தார். தன் மாத்திரையை அவள் விழுங்கிவிட்டாள் என்றால் இவை மற்றவர்களுடையவை. மற்றவர்களிடமிருந்து சேர்த்து வெளியே கொண்டுபோகிறாள்.

முருகையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தான் சொன்னது உதவியது என்று நினைத்து மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான்.

*

டாக்டர் சென் உள்ளறையிலிருந்து வந்தார். கையில் பெட்டி கட்டும் கயிறு. காகிதத்தில் கிடந்ததைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே வைத்தார்.

ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு கரைந்திருந்தது. மேலே செம்பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு குவளைத் தண்ணீரில் போட்டார். தண்ணீர் மெல்லச் சிவந்தது. வெற்றிலை நரம்பு ஒன்று பிரிந்து மேலே வந்து மிதந்தது.

"இது வாயில் இருந்தது," என்றார். "துப்பப்பட்டது. காட்டில் இருப்பவர்களுக்கு மருந்து அனுப்ப நினைக்கிறவள் அதைக் கெடுத்து அனுப்புவாளா?"

லெப்டினன்ட் கோபப்படவில்லை. "டாக்டர், உங்கள் கண் முன்னால் விழுங்க வைக்கிறீர்கள். இந்த மாத்திரையைத் திருட வாயில் ஒதுக்குவதைத் தவிர வேறு வழி ஏது?"

டாக்டர் சென் குவளையை மேசையோரம் தள்ளி வைத்தார்.

"சுங்கை பட்டாணிக்கு லோரி தயாராக இருக்கிறது," என்றார் லெப்டினன்ட்.

இதை நடராஜா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. லோரி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் கடைசி லயத்து வரிசை வீட்டுத் தர்மலிங்கம் லோரியில் ஏறினார். விசாரணை எதுவும் இல்லை. சில மாதம் முகாமில் வைத்திருந்து பினாங்கில் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கினார்கள். தர்மலிங்கம் இந்த மாநிலத்திலேயே, பாலிங்கில் பிறந்தவர். நாகப்பட்டினத்தை அதற்குமுன் பார்த்ததில்லை.

மருதம்மாள் இரண்டு கைகளாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா," என்றாள் நடராஜாவிடம். "பிள்ளை பொறக்கற வரைக்கும் விடுவாங்களா? கேளுங்க."

நடராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

*

சம்சியா வாயிலை விட்டு ஆஸ்பத்திரி ஜன்னலோரம் போய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேட்கிறவர்களிடம் வயிற்று வலி என்று சொல்லும்படி ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே நிரைகளுக்குள் ஓடினாள். செல்லாயி ஒரு மரத்தில் பால்வெட்டி முடித்து அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மருதம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி அவள். சம்சியா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு மூணுதான் துப்புனேன்னு சொல்லிட்டாங்கக்கா. டப்பா நெறைய இருக்கு. லோரியிலே ஏத்தப் போறாங்க."

"கூறுகெட்டவ," என்றாள் செல்லாயி. "வெக்கப்படற நேரமா இது?"

மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் சிலர். வராதவர்கள் மரத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கான்ஸ்டபிள் தடுத்தார். செல்லாயி அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். அவர் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்தார். அவள் நடராஜாவை மட்டும் பார்த்தாள்.

"ஐயா, இவ பொய் சொல்றா."

மருதம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மூணு வாட்டியாம். மொத திங்கக்கெழமையிலேர்ந்து இவ ஒண்ணுகூட முழுங்கலே. அத்தனையும் துப்பி வெச்சிருக்கா."

"என்ன சொல்றே நீ?"

"இவ மட்டுமா? நானும்தான் துப்புனேன். அழகம்மாவும்தான். எங்க லயத்துப் பொம்பளைங்க யாரும் முழுங்கலே."

"நான் வாயைப் பாத்தேனே!"

"வாயைத்தான்யா பாத்தீங்க. வெத்தலைக்குள்ளே பாக்கலியே."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். லெப்டினன்ட் நடராஜாவைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?" என்று அவர் இரண்டாம் முறை கேட்ட பிறகே நடராஜா ஆங்கிலத்தில் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் சென் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செல்லாயிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏன் என்று கேளுங்கள்."

"சூடும்மா அது," என்றாள் செல்லாயி. "வயித்துலே இருக்கறது தங்காதுன்னாங்க."

"யாரு சொன்னது?" என்றார் நடராஜா.

"யாருன்னு கேட்டா? எல்லாரும்தான். மாத்திரை வந்த மாசமே மூணாம் லயத்துலே ஒருத்திக்குக் கலைஞ்சுபோச்சு."

"அவளுக்குக் காய்ச்சல் இருந்துச்சு."

"எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சரி, துப்புனீங்க. தூக்கிப் போட வேண்டியதுதானே? ஏன் சேத்து வெச்சீங்க?"

செல்லாயி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"மருந்தை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா? பிள்ளைங்களுக்கு வேணுமில்லே. நீங்க பிரட்டுக்கு வர்றவங்களுக்குத்தானே குடுக்கறீங்க. காய்ச்சல்லே போறது யாரு? பிரட்டுக்கு வராததுங்கதான் போவுது."

நடராஜா அதை மொழிபெயர்க்கும்போது நடுவில் நின்றார். பிறகு முடித்தார்.

"என் பையனுக்கு ஒடம்பு கொதிச்சா அரை மாத்திரையைத் தேன்லே கொழைச்சு நாக்குலே தடவுவேன்," என்றாள் செல்லாயி. "என் டப்பா காலி. அழகம்மா டப்பாவும் காலி. இவளுக்குத் தடவிவிடப் பிள்ளை இல்லே. ரெண்டையும் காய்ச்சல்லே பறிகொடுத்துட்டா. இது பொறக்கட்டும், இதுக்கு ஆவும்னு சேத்து வெச்சிருக்கா. அதான் நெறைஞ்சு கெடக்கு."

"அப்ப வீட்டுலே வெக்கறதுக்கு என்ன? ஏன் இடுப்புலே கட்டிக்கிட்டுத் திரியணும்?"

மருதம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தாள். "நாங்க வேலைக்குப் போனப்பறம் போலீஸ் மாத்தாங்க வீட்டைக் கெளறுறாங்க. கண்டா எடுத்துக்குவாங்க."

கான்ஸ்டபிள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

*

"எண்ணுங்கள்," என்றார் லெப்டினன்ட். "எல்லாம் இவளுடையவைதானா என்று பார்ப்போம்."

மாத்திரை தொடங்கியதிலிருந்து எத்தனை திங்கட்கிழமைகள், அவற்றில் எத்தனை நாள் அவள் பிரட்டுக்கு வந்தாள் என்று நடராஜா கணக்குப் போட்டார். பிறகு காகிதத்தில் கிடந்த மாத்திரைகளைப் பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். குவளைத் தண்ணீரில் கரைந்ததையும் சேர்த்தார். முருகையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் உதடுகளையே பார்த்தான். வெளியே லோரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

நடராஜா இன்னொரு முறை எண்ணினார்.

"ஒன்று குறைகிறது," என்றார் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், மெதுவாக: "ஒண்ணு கொறையுது, மருதம்மா."

அவள் யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்தது.

"மழை பெஞ்ச அன்னிக்கு," என்றாள். "கேட்டுலே ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டாங்க. வாயிலேயே கரைஞ்சுபோச்சு. துப்பறதுக்கு ஒண்ணும் இல்லே. அன்னிக்குப் பூரா பயந்துகிட்டுக் கெடந்தேன். ஒண்ணும் ஆவலே."

நடராஜா சொன்னார். லெப்டினன்ட் அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். குவளையில் மிதந்த வெற்றிலை நரம்பைப் பார்த்தார்.

"ஆறு மாதம் காத்திருந்து ஒரே ஒரு மாத்திரை அனுப்புகிறவளை நான் பிடித்துக்கொண்டு போனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்," என்றார். தொப்பியை எடுத்தார். "போகச் சொல்லுங்கள்."

"போலாம்," என்றார் நடராஜா.

மருதம்மாள் எழுந்திருக்கவில்லை.

"போலாம்மா. விட்டுட்டாரு."

செல்லாயி அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "எந்திரி லா. ஸ்டூலையும் கூட்டிக்கிட்டுப் போவப் போறியா?"

அப்போது டாக்டர் சென் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், பிறகு அடக்க முடியாமல். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடராஜாவிடம் வேகமாகப் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் செல்லாயி.

"மருந்து நல்ல மருந்துதானாம். பொம்பளைங்களுக்கு வேலை செய்யலேன்னு எழுதறதுக்கு இருந்தாங்களாம். நீங்க சாப்பிட்டாத்தானே வேலை செய்யும்னு சொல்றாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "எல்லாம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். ஆறு மாசம். திரும்ப."

டாக்டர் சென் எழுந்து மருதம்மாளிடம் வந்தார். நேராக அவளிடமே பேசினார். நடராஜா பின்னால் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். காய்ச்சல்தான் வயிற்றில் இருப்பதைக் கலைக்கிறது, மாத்திரை இல்லை. டப்பாவில் இருக்கும் மாத்திரையில் இனிச் சத்து இல்லை. இப்போது அந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்க ஒரே வழி, தாய் விழுங்குவது. பிறந்த பிறகு அதற்கும் மருந்து உண்டு. கைக்குழந்தைகளுக்கு என்ன அளவு என்று லண்டனுக்கு இன்றே தந்தி அடிக்கிறேன். பதில் வந்ததும் டிரஸர் வீடு வீடாக வருவார். அதுவரை யாரும் தேனில் குழைக்க வேண்டாம், அளவு தெரியாமல் கொடுத்தால் ஆபத்து.

"வீடு வீடாவா?" என்றார் நடராஜா தமிழில், தனக்குத்தானே.

"நெசமாவே பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் மருதம்மாள்.

"குடுப்பாங்க. நான்தானே கொண்டாரணும்."

"அப்ப முழுங்குறேன்."

"நீ?" என்று நடராஜா செல்லாயியைக் கேட்டார்.

"பாக்கலாம் லா. மொதல்லே இவ முழுங்கட்டும்."

"இனிமே நாக்குக்கு அடியிலேயும் பாப்பேன். வெத்தலையைத் துப்பிட்டுத்தான் மேசைக்கு வரணும்."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க," என்றாள் செல்லாயி. வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை.

*

லோரி காலியாகப் போகவில்லை. இரத்தச் சில்லுகள் வைத்த மரப்பெட்டிகளைச் சுங்கை பட்டாணி ரயிலடியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சென் கேட்டார். லெப்டினன்ட் மறுக்கவில்லை. கான்ஸ்டபிள்கள் வைக்கோலைத் திணித்துப் பெட்டிகளை ஏற்றினார்கள். பள்ளத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். லோரி மாட்டு வண்டி வேகத்தில் வாயிலைத் தாண்டியது. சம்சியா வயிற்று வலி தீர்ந்து தன் இடத்தில் நின்றிருந்தாள்.

மருதம்மாளும் முருகையாவும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொய்யா மரம்வரை நடந்தார்கள். புல்லில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

"என்கிட்டேயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா டிரஸர்கிட்டே போய்ச் சொல்லியிருப்பீங்க."

அவன் யோசித்தான். "சொல்லியிருப்பேன்தான்."

"முழுங்குறதைப் பாத்தேன்னீங்களே. எப்பப் பாத்தீங்க?"

"பாக்கலே. ஒன்னை விடட்டும்னு சொன்னேன்."

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் என்னவென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"பால் எடுக்கலியா நீங்க?"

"மரத்து மங்குலேயே உறைஞ்சு கட்டியிருக்கும்."

"கங்காணி கத்துவாரே."

"கத்தட்டும்."

வெயில் ஏறியிருந்தது. வெயிலில் பால் இறங்காது, இனி மரம் வெட்ட முடியாது. பொதுச் சமையல் கொட்டகையிலிருந்து பருப்பு வேகும் வாசனை வந்தது. காலையிலிருந்து அவள் சாப்பாட்டை நினைக்கவில்லை. இப்போது பசித்தது.

"போய் வாங்கிட்டு வரட்டா?" என்றான் முருகையா.

"இருங்க. சேந்து போலாம். கொஞ்ச நேரம் கழிச்சு."

தூரத்தில் கங்காணி முருகையாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். எழுந்திருக்கவில்லை.